மாட்டு வயிற்றைத் தெரிந்துகொள்வோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)

 

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "நீ மாடு வளர்க்கிறவள், பயிற்சிக்கும் போய் வந்தவள், அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசு" என்று எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னாங்க. சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா, மாட்டைப் பற்றிப் பேசினால் நான் ஒரு உண்மையையும் சொல்லியாகணும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மாட்டு வயிற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் குழுவில் மாட்டுக்கடன் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. 40,000 ரூபாய் குழுக்கடன், என் தோட்டை அடகு வைத்து 12,000, மொத்தம் 52,000 ரூபாய்க்கு ஒரு ஜெர்சி கலப்பு மாடு வாங்கினோம். ரெண்டாவது ஈத்து. காலையும் மாலையும் சேர்த்து 11 லிட்டர் கறந்தது. 2019-ஆம் வருஷம் தை மாசத்தில் அந்த மாடு செத்துப்போச்சு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு தவணைதான் கட்டியிருந்தேன். இன்னும் 16 தவணை பாக்கி.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் "கண்ணு பட்டுடுச்சு" என்று சொன்னாங்க. முதல் நாள்தான் எங்கள் அத்தை, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்களைக் கட்டுத்தரைக்குக் கூட்டிட்டுப் போய், "எங்க மாடு எப்படி இருக்குது பாருங்க" என்று காட்டியிருந்தாங்க. அதனால்தான் ஆச்சு என்று அத்தையே தலையில் அடித்துக்கொண்டாங்க. நானும் ஆமாம் என்று சும்மா இருந்துட்டேன்.

கண்ணு படவில்லை சகோதரிகளே. நான் போட்ட சோறுதான் அந்த மாட்டைக் கொன்றது.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சோறு மிஞ்சிப்போச்சு. ரெண்டு அன்னக்கூடை நிறைய வெள்ளைச் சோறு. குழியில் கொட்டப் போனாங்க. எனக்கு மனசு கேட்கல. "கொட்டாதீங்க அக்கா, மாட்டுக்குப் போடறேன்" என்று தூக்கிட்டு வந்தேன். அன்னத்தை வீணாக்கக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்திருக்காங்க. கூடவே, ஒரு நாள் தவிட்டுச் செலவு மிச்சம் என்றும் ஒரு கணக்கு. தொட்டியில் கொட்டி, கொஞ்சம் தண்ணி விட்டு வைத்தேன். மாடு ஆசை ஆசையாகத் தின்றது. தொட்டியை நக்கி வைத்திருந்தது. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி சந்தோஷம்.

ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தேன், அசை போடல. இடது பக்கம் வயிறு புடைத்திருந்தது. பல்லைக் கடிக்கிற சத்தம். விடியக்காலையில் படுத்துக்கிச்சு. கழிச்சல் தண்ணியாகப் போச்சு, புளித்த மாவு வாடை. கண்ணு உள்ளே போயிருந்தது. காலையில் டாக்டர் வந்தார். முதல் கேள்வியே, "நேத்து என்னம்மா போட்டீங்க?" என்பதுதான். பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கிறார், அத்தை நிற்கிறாங்க, பத்து பேர் நிற்கிறாங்க. கடன் வாங்கி வாங்கின மாடு. நான், "வழக்கமா போடறதுதான் சார்" என்று சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அதையே சொன்னேன்.

மத்தியானம் மறுபடியும் வந்தார். கழிச்சலில் சோற்றுப் பருக்கை இருந்ததை அவரே பார்த்துவிட்டார். வெந்நீர் வைக்க நான் உள்ளே போனபோது பின்னாலேயே வந்து, மெதுவாக, "எவ்வளவு சோறும்மா?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். "காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை திட்டல. குழாய் விட்டு வயிற்றுக்குள் சோடா மருந்து கொடுத்தார். பாட்டில் பாட்டிலாக நரம்பில் ஏற்றினார். அன்றைக்கு ராத்திரியே மாடு போயிடுச்சு. காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அஞ்சு மணி நேரத்தை நான்தான் வீணாக்கினேன்.

அந்தச் சோறு எப்படி ஒரு மாட்டைக் கொல்லும் என்று எனக்கு அப்போது புரியல. நாமும் சோறுதானே சாப்பிடுகிறோம். மூணு வருஷம் கழித்து கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் மூணு நாள் கறவை மாட்டுப் பயிற்சி நடந்தது. அங்கே போனபோதுதான் விளங்கிச்சு. நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மாட்டுக்கு வயிறு நாலு அறை. அதில் முதல் அறைதான் பெரிசு. அதை அசையூண் வயிறு என்கிறார்கள். இடது பக்கம் முழுக்க அதுதான். வளர்ந்த மாட்டுக்கு அதில் நூறு லிட்டருக்கு மேலேயே பிடிக்கும். நம்ம வீட்டு குடிதண்ணிக் குடம் ஏழு எட்டு சேர்ந்த அளவு.

அந்த வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கு. பாக்டீரியா என்று பத்தாவது அறிவியல் புத்தகத்தில் படித்திருப்போமே, அதுதான் அதிகம். அந்த வயிற்றுத் தண்ணியில் ஒரு மில்லி எடுத்தால் அதில் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும் என்றார்கள். ஒரு மில்லி என்பது ஊசி மருந்தில் ஒரு கோடு. மாட்டுக்கு வைக்கோலைச் செரிக்கிற சக்தி கிடையாது. நமக்கும் கிடையாது. வைக்கோலில் இருக்கிற நாரை உடைப்பது அந்த நுண்ணுயிர்கள்தான். அதனால், நாம் மாட்டுக்குத் தீவனம் போடுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் முதலில் அந்த நுண்ணுயிருக்குத்தான் போடுகிறோம். அது தின்று, புளிக்க வைத்து, அமிலமாக மாற்றிக் கொடுப்பதைத்தான் மாடு எடுத்துக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கிற சக்தியில் பெரும்பகுதி அந்த அமிலத்தில் இருந்துதான் வருகிறது. கடைசியில் அந்த நுண்ணுயிர்களும் அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரித்து, மாட்டுக்குப் புரதச் சத்தாகிறது.

அந்த அமிலங்களில் ரெண்டைச் சொல்கிறேன், நம்ம பால் காசு அதில்தான் இருக்கு. ஒன்று, நாரில் இருந்து அதிகமாக வருவது. வினிகரில் இருக்குமே, அதே அமிலம். பாலில் இருக்கும் கொழுப்பில் பெரிய பங்கு அதிலிருந்துதான் உருவாகிறது. இன்னொன்று, தானியத்தில் இருந்து அதிகமாக வருவது. அது ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரைதான் மடிக்குப் போய்ப் பால் சர்க்கரையாகிறது.

சொசைட்டியில் ஃபேட் குறையுது, காசு குறையுது என்று நாம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம். பல தடவை டெஸ்டர் மேல் தப்பு இருக்காது. மூட்டைத் தீவனத்தை அதிகமாக்கி, தட்டையும் வைக்கோலையும் குறைத்துவிட்டால் நார் போதாது. நார் போதாட்டி ஃபேட் இறங்கும். பால் அளவு ஏறியிருக்கும், காசு ஏறியிருக்காது. என் மாட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஃபேட் 4-ல் இருந்து 3.3-க்கு வந்தது. சோளத்தட்டு வாங்கிப் போட்ட பிறகு திரும்ப ஏறிச்சு.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். நாரைத் தின்கிற பாக்டீரியா வேறு, மாவுச்சத்தைத் தின்கிற பாக்டீரியா வேறு. நார் தின்பது மெதுவாக வேலை செய்யும். மாவு தின்பது வேகமாகப் பெருகும். திடீரென்று ரெண்டு கூடை சோறு உள்ளே போனதும், மாவு தின்கிற கூட்டம் மளமளவென்று பெருகிடுது. அமிலம் அளவுக்கு மீறி ஊறுது. தயிர் புளிப்பதும் இதே மாதிரி அமிலத்தால்தான். அமிலம் ஏற ஏற, நார் தின்கிற நல்ல பாக்டீரியா செத்துப்போகுது. வயிறு அசையுறது நின்றுபோகுது. உடம்பில் இருக்கிற தண்ணியை எல்லாம் வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளுது, அதனால்தான் கண்ணு உள்ளே போகுது, கழிச்சல் தண்ணியாகப் போகுது. அமிலம் ரத்தத்திலும் கலந்துடுது. இதற்குப் பேர் அசிடோசிஸ், அமில நோய். சோறு மட்டும் இல்லை. பொங்கல், பாயசம், கூழ், அரிசிமாவு, கோதுமை மாவு, அவிழ்த்துக்கொண்டு போய் மாடு தின்றுவிட்ட நெல்லு, மக்காச்சோளம், எல்லாமே இப்படிச் செய்யும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில் கூட்டம் நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

மாடு அசை போடுகிறதே, அது சும்மா பொழுதுபோக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணி நேரம் அசை போடணும். அசை போடும்போது வாயில் எச்சில் ஊறும். பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறும் என்றார்கள். அந்த எச்சிலில் ஆப்ப சோடாவில் இருக்கிற அதே சத்து இருக்கு. அமிலத்தை அதுதான் அடக்கி வைக்குது. வைக்கோல், தட்டு மாதிரி முரட்டுத் தீனி தின்றால்தான் அசை வரும். சோற்றுக்கும் கஞ்சிக்கும் அசை வராது, எச்சிலும் ஊறாது. அமிலமும் ஏறி, அடக்க எச்சிலும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பாருங்க.

இன்னொன்று, பெரிய அளவில் சாகிற மாதிரி வராமல், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே அமிலம் ஏறி இருக்கிறதும் உண்டு. தினமும் அரிசியைக் காய்ச்சி ஊற்றுகிற வீடுகளில் பார்க்கலாம். மாடு ஒரு நாள் தின்னும், ஒரு நாள் தின்னாது. சாணி ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் இளக்கம். ஃபேட் குறையும். கொஞ்ச மாசத்தில் குளம்பு வலி வந்து நொண்டும். நாம் குளம்புக்கு மருந்து தேடுவோம். நோய் தொட்டியில் இருக்கும்.

அடுத்து கன்னு போட்ட மாட்டுக்கு வருகிறேன். என் இரண்டாவது மாட்டின் கதை இது.

முதல் மாட்டின் 16 தவணையில் ரெண்டு தவணையை என் குழுச் சகோதரிகள் சேமிப்பில் இருந்து கட்டினாங்க. மீதி 14 தவணையை நூறு நாள் வேலை செய்தும் ஜாக்கெட் தைத்தும் கட்டி முடித்தேன். செத்த மாட்டுக்குத் தவணை கட்டுகிற கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது. அதற்கப்புறம் ரெண்டாவது கடனில் இன்னொரு மாடு வாங்கினேன். இந்தத் தடவை பயிற்சியில் படித்ததை வைத்து, சினை மாட்டை நல்லாக் கவனிக்கணும் என்று, பால் வற்றின ரெண்டு மாசமும் தவிடும் புண்ணாக்கும் தாராளமாக வைத்தேன். மாடு கொழுகொழு என்று ஆச்சு. அதுவும் தப்பு என்று அப்புறம்தான் தெரிஞ்சுது.

கன்னு போட்டு மூணு வாரத்தில் 14 லிட்டர் கறந்தது. திடீரென்று ஒரு நாள் தொட்டியில் வைத்த தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு. வைக்கோலை மட்டும் கடித்தது. பால் 14-ல் இருந்து 9 ஆச்சு. சாணி கெட்டியாக உருண்டையாக விழுந்தது. எலும்பு தெரிய ஆரம்பித்தது. வாய்க்கிட்டே போனால் ஒரு மாதிரி இனிப்பு வாடை, நகப்பூச்சு அழிக்கிற மருந்து இருக்குமே அந்த மாதிரி.

இந்தத் தடவை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்தத் தேதியில் கன்னு போட்டது, எத்தனை லிட்டர், வற்றின காலத்தில் என்ன வைத்தேன், நேற்று என்ன வைத்தேன், எல்லாம். நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். அவர் கோமியத்தைப் பிடித்துச் சோதித்துவிட்டு, "கீட்டோசிஸ்" என்றார்.

அது என்ன என்று கேட்டேன். எளிமையாகச் சொன்னார். ஒரு லிட்டர் பாலில் கிட்டத்தட்ட 50 கிராம் பால் சர்க்கரை இருக்கு. 14 லிட்டர் கறந்தால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை தினமும் மடி வழியாக வெளியே போகுது. கன்னு போட்ட புதிதில் பால் சட்டென்று ஏறும், ஆனால் மாட்டுக்குத் தீனி எடுக்கிற சக்தி மெதுவாகத்தான் ஏறும். வரவு குறைவு, செலவு அதிகம். அப்போது மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துச் செலவுக்குக் கொடுக்குது. நாம் அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிற மாதிரி. கொஞ்சம் கரைத்தால் பரவாயில்லை. ஒரேயடியாகக் கரைந்து வந்தால் ஈரலால் தாங்க முடியாது. ஈரலில் கொழுப்பு படியும், கீட்டோன் என்கிற பொருள் ரத்தத்தில் ஏறும். அந்த வாடைதான் வாயில் வந்தது. கீட்டோன் ஏறினால் பசி இன்னும் குறையும். பசி குறைந்தால் இன்னும் கொழுப்பு கரையும். கன்னு போடும்போது அளவுக்கு மீறிக் கொழுத்திருக்கிற மாட்டுக்குத்தான் இது அதிகமாக வரும்.

எங்கள் அத்தைக்குச் சர்க்கரை நோய். நமக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போகுது, மாட்டுக்கு இறங்கிப்போகுது என்று அவங்களுக்குச் சொன்னேன். உடனே புரிஞ்சுக்கிட்டாங்க.

நான் டாக்டரிடம், "சர்க்கரைதானே குறைவு, வெல்லம் கரைத்து ஊற்றலாமா சார்?" என்று கேட்டேன். இதை நிறைய பேர் செய்கிறோம். அவர் வேண்டாம் என்றார். வெல்லம் உள்ளே போனதும் அந்த நுண்ணுயிர்தான் முதலில் தின்னும். அது புளித்துப்போகுமே தவிர, நமக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற மாதிரி மாட்டுக்கு ஏறாது. அதிகமாக ஊற்றினால் முதல் மாட்டுக்கு வந்த அமில நோயே வந்துவிடும். அதனால்தான் குளுக்கோஸை நேராக நரம்பில் ஏற்றுகிறார்கள். அன்றைக்கு ஏற்றினார். வாயில் கொடுக்க ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் தொட்டியில் வாய் வைத்தது. பத்து நாளில் 13 லிட்டருக்குத் திரும்பி வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். கன்னு போட்ட மூணு நாளுக்குள் வருகிற பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சூடாக இருக்காது. தொட்டால் காது ஜில்லென்று இருக்கும். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாகப் போய்விடுவதால் வருகிறது. மூணாவது ஈத்துக்கு மேல், நல்ல பால் மாட்டுக்குத்தான் அதிகம் வரும். தள்ளாடும், படுத்துக்கும், கழுத்தை ஒரு பக்கம் மடித்து விலாவில் வைத்துக்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா மாட்டுக்கு இப்படி வந்தது. பாம்பு கடித்துவிட்டது என்று பச்சிலை அரைத்து வாயில் ஊற்றப் போனாங்க. நல்லவேளை, டாக்டர் வந்துவிட்டார். அந்த நேரத்தில் மாட்டுக்கு விழுங்குகிற சக்தி இருக்காது, ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். கால்சியம் பாட்டிலை மெதுவாக ஏற்றினார். அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நின்று சாணி போட்டது. சாகப் போகிறது என்று நினைத்த மாடு. அதனால் படுத்த மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீங்க. உடனே கூப்பிடுங்க. 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். காசு கிடையாது. இந்த எண்ணைக் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதி வையுங்க. நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் தினமும் செய்வதைச் சொல்கிறேன். எல்லாமே காசு அதிகம் செலவாகாத வேலை.

முதலில், தீவனத்தைத் திடீரென்று மாற்றுவதில்லை. பழைய மூட்டை தீர்ந்து புது மூட்டை வாங்கினால், பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்து, புதியதைக் கலந்து, பத்து நாள் எடுத்து மாற்றுகிறேன். புதுத் தீனிக்கு ஏற்ற நுண்ணுயிர் பெருக அவ்வளவு நாள் வேண்டும். கன்னு போடுவதற்கு மூணு வாரம் முன்னாலேயே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கிறேன். கன்னு போட்ட அன்றைக்கு அள்ளிக் கொட்டுவதில்லை.

காலையில் எழுந்ததும் முதலில் தட்டோ வைக்கோலோ ஒரு கட்டு போடுவேன். அது கொஞ்சம் தின்ற பிறகுதான் அடர்தீவனம். ஒரே வேளையில் அள்ளி வைக்காமல் மூணு வேளையாகப் பிரித்து வைக்கிறேன். கலப்பு மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரையில் இருந்து ரெண்டு கிலோ, அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு ரெண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது பயிற்சியில் சொன்ன கணக்கு. தாது உப்புக் கலவை தினமும் போடுகிறேன். தண்ணி எப்போதும் தொட்டியில் இருக்கும். கறவை மாடு ஒரு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம்.

வீட்டுக்குப் பின்னால் அஞ்சு சென்ட்டில் கோ-4 புல் நட்டிருக்கிறேன். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும். குளிக்கிற தண்ணியும் பாத்திரம் கழுவுகிற தண்ணியும் அதற்கே போகுது.

ராத்திரி படுக்கப் போகும் முன் கட்டுத்தரையில் ரெண்டு நிமிஷம் நின்று பார்ப்பேன். மாடு படுத்து அசை போடுதா, ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்லுது என்று எண்ணுவேன். அம்பது அறுபது தடவை மென்றால் நல்லது. முப்பது நாப்பதில் விழுங்கினால் மறுநாள் தட்டை அதிகமாக்குவேன். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்கிற இடத்தில் கையை முட்டி மடக்கி அழுத்தி வைத்தால் வயிறு அசைவது கையில் தெரியும். நிமிஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கையைத் தள்ளும். தள்ளவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் பண்ணிடுவேன். சாணியையும் பார்ப்பேன். தோசை மாவு ஊற்றின மாதிரி வட்டமாக விழணும். தண்ணியாகவும் கூடாது, உருண்டையாகவும் கூடாது.

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த மருந்து, நமக்கு மிச்சமிருந்த மாத்திரை என்று மாட்டு வாயில் போடக் கூடாது. நோய்க்கிருமியைக் கொல்கிற மருந்து சிலது, வாய் வழியாகக் கொடுத்தால் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமியையும் கொன்றுவிடும். அப்புறம் தீனி எடுக்காமல் நிற்கும்.

நம்ம பாட்டிமார் காலத்தில் தீனி எடுக்காத மாட்டுக்கு, நல்லா இருக்கிற மாடு அசை போடும்போது அந்தக் கவளத்தை வாயில் இருந்து எடுத்துக் கொடுப்பாங்க. நான் சின்ன வயசில் பார்த்து அருவருப்புப் பட்டிருக்கிறேன். நல்ல மாட்டு வயிற்று நுண்ணுயிரை நோய் மாட்டுக்குக் கொடுக்கிற வைத்தியம்தான் அது என்றும், இப்போது டாக்டர்களும் நல்ல மாட்டின் வயிற்றுத் திரவத்தை எடுத்துக் கொடுப்பது உண்டு என்றும் பயிற்சியில் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி, அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். மூணு வருஷமாகத் தன் கண்ணுதான் பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாங்க. யார் வீட்டு மாட்டையும் நின்று பார்க்கிறதில்லை. "சோறு போட்டா மாடு சாகுமா?" என்றாங்க. நான் வயிற்றில் நடப்பதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாங்க. டாக்டர் சொன்ன அதே வார்த்தை. அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு அத்தையே ஒரு கைப்பிடி பொங்கலை வாழை இலையில் வைத்து ஊட்டிவிட்டு, மீதியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டாங்க. "சாமிக்கு ஒரு கை போதும், மாட்டுக்கும் ஒரு கை போதும்" என்றாங்க. இன்றைக்கு இங்கே மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. உங்களிடமும் இதைச் சொல்லப் போகிறேன் என்று அவங்களிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, மாட்டுக்கடன் கொடுக்கும்போது காப்பீடு எடுத்துக் காதில் தோடு போட்ட பிறகே பணத்தை முழுதாகக் கொடுக்கணும். நான் முதல் மாட்டுக்கு அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன். அதன் விலை எனக்குத் தெரியும்.

ரெண்டு, மாட்டுப் பயிற்சி வந்தால் வீட்டு ஆம்பளையை அனுப்பாமல், தொட்டியில் தீவனம் வைக்கிற பொம்பளையை அனுப்பணும். குழுவுக்கு ரெண்டு பேராவது போகணும். போய்ட்டு வந்தவங்க அடுத்த குழுக்கூட்டத்தில் பத்து நிமிஷம் சொல்லணும்.

மூணு, யார் வீட்டு மாடு சீக்கு என்றாலும், டாக்டர் கேட்கிறபோது சுற்றி நிற்கிற நாம் கொஞ்சம் தள்ளிப் போகணும். அந்தப் பொம்பளை பயமில்லாமல் உண்மையைச் சொல்ல இடம் கொடுக்கணும். என்ன போட்டாள், எவ்வளவு போட்டாள் என்று திட்டுவது மாடு எழுந்த பிறகு பார்த்துக்கலாம்.

கோ-4 கரணை வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்கு வாங்க, சும்மாவே தருகிறேன். அஞ்சு சென்ட்டு இருந்தால் போதும். வைகாசிக்கு மேல் ஒரு மழை பேஞ்சதும் நடலாம்.

 மாலைக் கறவைக்கு நேரமாச்சு, நானும் நிறுத்திக்கிறேன்.